அப்பாவை மறுபடியும் ஒரு இல்லத்தில் சேர்க்க வேண்டும். எதைப் பார்த்து நம்புவது?

வைகைக்கரை | சனி, இரவு 10.40

அப்பாவுக்கு 76 வயது. மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் அம்மாவே பார்த்துக்கொண்டார். அப்புறம் ராத்திரிப் பிரச்சினை ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். "போஸ்ட்ல ஆள் இருக்கான், எல்.சி. வாங்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கப் பார்ப்பார். (லைனில் கை வைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி வாங்கும் அனுமதிதான் எல்.சி.) ஒரு தடவை எப்படியோ வெளியே போய், விடியும்போது துணைமின் நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு 71. இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவரைத் தடுக்கப் போய்க் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்குத்தான் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம்.

மாதம் 32,000 ரூபாய். டைல்ஸ் பளபளவென்று இருந்தது, தோட்டம் இருந்தது, வாசலில் "டிமென்ஷியா சிறப்புப் பராமரிப்பு" என்று போர்டு. முதல் சில வாரம் பார்க்க வராதீர்கள், புது இடம் அவருக்குப் பழகட்டும் என்றார்கள். நம்பிவிட்டேன். மனசு கேட்காமல் 19-ஆம் நாள் போனேன். தானே நடந்து உள்ளே போன மனிதர் சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாயோரம் எச்சில். இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகத் தடம். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். கேட்டால், "ராத்திரி ரொம்ப வயலன்ட் மேடம், வேற வழியில்லை" என்றார்கள். அன்று மாலையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நாலு மாதம் ஆயிற்று. புண் ஆறிவிட்டது, வாக்கர் பிடித்து நடக்கிறார். ராத்திரி நடையும் திரும்பி வந்துவிட்டது. ஏஜென்சி மூலம் வந்த ஆட்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். நான் ஒரே பிள்ளை, வேலையை விட முடியாது. மறுபடியும் ஒரு இடம் தேடத்தான் வேண்டும். கட்டடத்தைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்துவிட்டேன். இந்தத் தடவை எதைப் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குறிஞ்சிமேடு | ஞாயிறு, காலை 7.15

நான் மனநல மருத்துவர். முதியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் பத்தொன்பது நாளில் நடை போனது, உடம்பு சாய்ந்தது, எச்சில் ஒழுகியது என்கிறீர்கள். அங்கே என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குயெட்டியாபின் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ அதில் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

இவை மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள். மறதி நோயாளிக்கும் சில சமயம் தேவைப்படும், அதை மறுக்க மாட்டேன். பயங்கரமான மாயக்காட்சிகள் வந்து சாப்பிடவே மறுக்கிறார், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திவிடுவார் என்ற நிலையில் குறைந்த அளவில், குறைந்த நாளுக்குக் கொடுப்போம். ராத்திரி நடக்கிறார் என்பதற்காகக் கொடுக்கிற மருந்து இல்லை இது. 2005-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பத்து வாரம் போல நடந்த சோதனையில், வெற்று மாத்திரை எடுத்த மறதி நோயாளிகளில் 100-க்கு 2.6 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 4.5 பேர். முதலில் புதிய மருந்துகளுக்குத்தான் அந்த எச்சரிக்கை. 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் அதில் சேர்த்தார்கள்.

லூயி பாடி வகை மறதி நோய் என்று ஒன்று உண்டு. இல்லாத ஆளை, நாயை, குழந்தையைக் கண்ணெதிரே பார்ப்பார்கள். நடை கொஞ்சம் இறுகும், ஒரு நாள் தெளிவாக இருப்பார்கள், மறுநாள் குழம்புவார்கள். அந்த வகை என்றால் இந்த மருந்துகள் உடம்பைக் கல்லாக இறுக்கிவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? தெரியாவிட்டால் புது இல்லம் பார்ப்பதற்கு முன்னால் அதை ஒரு நல்ல மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போதும் ஏதாவது மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்தான் கூடும். நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், அடிக்கிறார், அல்லது மயங்கிக் கிடக்கிறார் என்றால் அடியில் வேறு ஏதோ இருக்கிறது. சிறுநீர்த் தொற்று, நாலு நாளாக மலம் போகாதது, தண்ணீர் குறைந்தது, எங்கோ வலி, புதிதாக எழுதின மாத்திரை. அதைத் தேடாமல் "வயலன்ட்" என்று சொல்லித் தூங்க வைக்கிற இடம் ஆபத்தான இடம்.

தென்னந்தோப்பு | ஞாயிறு, மாலை 4.05

மனம் நோகச் சொல்லவில்லை அம்மா. என் மனைவியை ஏழு வருடம் நானே வைத்துப் பார்த்தேன். போன ஐப்பசியில் காலமானாள். எந்த இல்லமும் வீடு ஆகாது. ஒரே பிள்ளை என்கிறீர்கள், அவர் உங்களை எப்படி வளர்த்திருப்பார். சம்பளத்துக்கு வருகிறவர்களிடம் பாசத்தை எதிர்பார்க்க முடியுமா? வேலையை இரண்டு வருடம் தள்ளி வைக்க வழியே இல்லையா?

கூடுதுறை | ஞாயிறு, இரவு 8.30

தென்னந்தோப்பு ஐயா, ஏழு வருடம் நீங்கள் பார்த்ததற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் இந்தக் கேள்வியை இவரிடம் கேட்காதீர்கள், தயவுசெய்து. என் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்த கடைசி வருடம் நான் அவரை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. மூன்று நாள் தூங்காமல், நாலாவது தடவை படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தபோது கை ஓங்கிவிட்டேன். வீடு என்பதால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பாகிவிடாது. இல்லத்தில் சேர்த்த பிறகுதான் நான் மறுபடியும் அவருக்கு மகளாக இருக்க முடிந்தது.

வைகைக்கரை, எங்களுக்கு இரண்டாவது இடம் நன்றாக அமைந்தது. கோவைப் பக்கம், பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கிற ஒரு பழைய வீடு. டைல்ஸ் கிடையாது, சிவப்பு சிமெண்ட் தரை. முதல் நாள் பணத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. ஒன்றரை மணி நேரம் அம்மாவைப் பற்றித்தான் கேட்டார்கள். எத்தனை மணிக்குக் குளித்துப் பழக்கம், வெந்நீரா பச்சைத்தண்ணீரா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், காபியா டீயா, யார் பெயரைச் சொன்னால் முகம் மலரும், எதைக் கண்டால் பயப்படுவார், ஆண்கள் குளிப்பாட்டினால் ஒத்துக்கொள்வாரா. கடைசிக் கேள்வியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தைய இடத்தில் அம்மா குளிக்க மறுத்துக் கடித்ததாகப் புகார் சொன்னார்கள். அங்கே குளிப்பாட்டியது ஒரு ஆண் அட்டெண்டர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுபத்தொன்பது வயதுப் பெண், சேலையைப் பிடித்து இழுத்தால் கடிக்காமல் என்ன செய்வார்?

போய்ப் பார்க்கும்போது நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். கக்கூஸ் எங்கே என்று கேட்டு நேராக அங்கே போனேன். கதவில் பெரிதாகப் படம் ஒட்டியிருந்தது, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, தரை காய்ந்திருந்தது. அங்கே இருப்பவர்களின் நகத்தைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். உதடு வெடித்துக் கிடந்தால் தண்ணீர் கொடுப்பதில்லை என்று அர்த்தம். அவரவர் செருப்பு அவரவர் காலில் இருந்ததா, கண்ணாடி அவரவருடையதுதானா, பல்செட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு இல்லத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அமைதியாக, சுத்தமாகத்தான் இருந்தது அந்த இடம். அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பழகும்வரை வராதீர்கள்" என்று யார் சொன்னாலும் அங்கே விடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரத்திலும் நான் வருவேன், சம்மதமா என்று முதலிலேயே கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் அவர்கள் முகம் சொல்லிவிடும்.

நைட் டியூட்டி | திங்கள், அதிகாலை 2.50

இப்போதுதான் ஒரு ரவுண்டு முடித்து உட்கார்ந்தேன். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஒன்பது வருடம், நாலு இல்லம். அக்கா கேட்டதற்கு என் பதில் ஒன்றுதான். ராத்திரி எத்தனை பேர் முழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் "இருக்கிறார்கள்" என்று கேட்டால் ஐந்து என்பார்கள். அதில் சமையல்கார அம்மா, வாட்ச்மேன், தூங்குகிற சூப்பர்வைசர் எல்லாரும் வந்துவிடுவார்கள். முழித்திருந்து ஆளைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர், எத்தனை படுக்கைக்கு? அதைக் கேளுங்கள்.

நான் முன்னால் இருந்த ஓர் இடத்தில் 34 படுக்கைக்கு இரண்டு பேர். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் புண் வரும். அப்படிப் பதினோரு பேர். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ரூமில் திருப்பிக்கொண்டிருக்கும்போது மற்ற ரூம்களில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் அப்பா மாதிரி ஒருவர் எழுந்து நடந்தால் விழுவார். விழுந்தால் இடுப்பு முறியும், காலையில் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், பழியும் எங்கள் மேல். அதனால்தான் கட்டுவது நடக்கிறது. துப்பட்டா, கிழித்த பெட்ஷீட். நானும் கட்டியிருக்கிறேன். கட்டினவரின் கண்ணைப் பார்க்காமல் லைட்டை அணைத்திருக்கிறேன். ஒரு தாத்தா விடிய விடிய "அவிழ்த்து விடு தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மாதமே அங்கிருந்து நின்றுவிட்டேன்.

இப்போது இருக்கும் இடத்தில் 16 பேருக்கு ராத்திரி மூன்று பேர். கட்டுவதே இல்லை. எழுந்தால் எழட்டும், கூடவே நடக்கிறோம். ஒரு பாட்டிக்கு மூன்று மணிக்குப் பசிக்கும். யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஆறு மாதமாகக் கத்துகிறார் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் பால், இரண்டு ரொட்டி கொடுத்தோம். கத்தலே நின்றுவிட்டது.

அப்புறம் டயப்பர். நீங்கள் வாங்கிக் கொடுக்கும் பாக்கெட்டை எண்ணிப் பாருங்கள். சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று திட்டாதீர்கள். தீராமல் மிச்சம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பாசத்தை எதிர்பார்க்க முடியுமா என்று ஐயா கேட்டார். வருகிறது ஐயா. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று, லீவு இல்லாமல், பதினைந்து பேரை ஒருத்தி பார்த்தால் எந்தப் பாசமும் விடியும்வரை தாங்காது.

தென்னந்தோப்பு | திங்கள், காலை 9.20

படித்தேன். இரண்டு பெண்களும் எழுதியதைப் படித்த பிறகு என் பதிவை நினைத்து வருந்துகிறேன். எனக்கு உதவிக்கு என் தங்கை இருந்தாள், ஓய்வூதியம் இருந்தது, மனைவி ராத்திரி தூங்கிவிடுவாள். என் நிலையை வைத்து மற்றவரை அளந்துவிட்டேன். மன்னிக்கவும் அம்மா.

நீதிக்கல் | திங்கள், மதியம் 1.35

மணிக்கட்டுத் தடம் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் வழக்கறிஞர்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதில் "மனநோய்" என்பதற்குக் கொடுத்திருக்கும் வரையறையில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு திசையறிவும் நினைவாற்றலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதனால் முற்றிய மறதி நோய் அந்த வரையறைக்குள் வரும், அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம் அந்தச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியது என்பதே என் வாசிப்பு. நடைமுறையில் பல இடங்கள் சாதாரண முதியோர் இல்லமாகத்தான் தங்களைக் காட்டிக்கொள்கின்றன. போர்டில் டிமென்ஷியா என்று இருக்கும், பதிவுச் சான்றிதழில் அந்தச் சொல்லே இருக்காது. எந்தச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு, சான்றிதழை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

அந்தச் சட்டத்தின் 97-ஆவது பிரிவைத்தான் நான் எல்லோருக்கும் காட்டுவேன். ஒருவரைக் கட்டிவைப்பது, உடனடியாக நடக்கப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும். எப்போது, எவ்வளவு நேரம், ஏன் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நைட் டியூட்டி சகோதரி எழுதிய 34 படுக்கை, இரண்டு பேர் கதையை மனதில் வைத்தே எழுதிய மாதிரி இருக்கும். சங்கிலியால் பிணைப்பதை 95-ஆவது பிரிவு முழுவதுமாகத் தடை செய்கிறது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பற்றிப் பலருக்குத் தெரியும். கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கேட்பது, எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறுவது என்ற அளவில்தான் தெரியும். மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியில்லாத 150 முதியவர்கள் தங்கும் அளவில் இல்லம் அமைக்க அதன் 19-ஆவது பிரிவு வழி செய்கிறது. மறதி நோய்க்கென்று தனியாக அதில் எதுவும் இல்லை. மாதம் முப்பதாயிரம் கட்ட முடியாத குடும்பத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

புகார் கொடுக்க விரும்பினால் புகைப்படம், டாக்டர் சீட்டு, கட்டிய பண ரசீது இவற்றோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். புண்ணைப் படம் எடுத்தீர்களா?

வைகைக்கரை | திங்கள், இரவு 11.10

எடுத்தேன். அன்று எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர், மாத்திரைச் சீட்டு கிடைத்துவிட்டது. ராத்திரி ஓலான்சபின், அதோடு தேவைப்பட்டால் ஹாலோபெரிடால் ஊசி என்று இருக்கிறது. பத்தொன்பது நாளில் பதினோரு தடவை "தேவைப்பட்டிருக்கிறது". எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

எல்லோரிடமும் ஒரு கேள்வி. இப்போது பார்த்த இரண்டு இடத்தில் சிசிடிவி இருக்கிறது, உங்கள் போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். அது போதுமா?

நைட் டியூட்டி | செவ்வாய், அதிகாலை 3.25

வராந்தாவில், சாப்பாட்டு ஹாலில் இருக்கட்டும் அக்கா, எங்களுக்கும் அது பாதுகாப்பு. படுக்கைக்கு மேலே வேண்டாம். டயப்பர் மாற்றுவதை, உடம்பு துடைப்பதை யாரோ ஒருவர் போனில் பார்க்கக் கூடாது. உங்கள் அப்பா தெளிவாக இருந்தபோது அதற்குச் சம்மதித்திருப்பாரா? யாராவது அடித்தால் கேமரா காட்டும். தண்ணீர் கொடுக்காததைக் காட்டாது.

வல்லைவெளி | செவ்வாய், காலை 6.45

நான் சிட்னியில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கள் அம்மம்மா இங்கே ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நாலு வருடம் இருந்தவ. வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று ஆட்கள் நினைக்கினம். இல்லை. இங்கே அரசாங்கமே 2018-இல் ஓர் உயர்நிலை விசாரணை ஆணைக்குழு வைத்து விசாரித்தது. 2019-இல் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு வைத்த தலைப்பு "புறக்கணிப்பு". ஒற்றைச் சொல். மருந்தால் கட்டிவைப்பது அளவுமீறி நடக்கிறது, அதற்கு உடனே நடவடிக்கை வேண்டும் என்பது அதில் அவசரமாகச் சொன்ன மூன்று விசயங்களில் ஒன்று. 2021-இல் முடிவறிக்கை, 148 பரிந்துரை. அதுக்குப் பிறகுதான் 2023 யூலையிலிருந்து ஒவ்வொரு நிலையத்திலும் 24 மணி நேரமும் பதிவு பெற்ற தாதி ஒருவர் இருக்க வேண்டும் என்று வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளில் சராசரியாக இத்தனை நிமிடம் பராமரிப்பு என்றும் கணக்கு வைத்தார்கள். 2024 ஒக்ரோபரிலிருந்து அது 215 நிமிடம். நைட் டியூட்டி தங்கச்சி சொல்லுறதைத்தான் இங்கே சட்டமாக்கிக் கிடக்கு.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வர இரண்டு மாதம் முன்பு, 2023 மே மாதம் கூமா என்ற ஊரில் நடந்ததை நாங்கள் ஒருவரும் மறக்கேல்லை. 95 வயது அம்மா ஒராள், மறதி நோய், வாக்கரோடு நடக்கிறவ, இரவில் கையில் ஒரு கறிக்கத்தியோடு நின்றா. நிலையத்தார் அவசர உதவி எண்ணைக் கூப்பிட, பொலிசும் வந்தது. ஒரு பொலிஸ்காரர் அவவை மின்துப்பாக்கியால் சுட்டு, விழுந்து தலை அடிபட்டு, ஒரு கிழமையில் (ஒரு வாரத்தில்) செத்துப்போனா. அடுத்த வருடம் அந்தப் பொலிஸ்காரரை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. இரவில் குழம்பி நிற்கிற ஒரு மனிசியோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று தெரிந்த ஓராள் பக்கத்தில் நின்றிருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்கு அன்று நித்திரை இல்லை.

எங்கட அம்மம்மாவின் பிரச்சினை பாசை. முப்பது வருடம் இங்கே இருந்து நல்லா இங்கிலிஷ் கதைச்சவ. நோய் முற்ற முற்ற இங்கிலிஷ் முழுக்கப் போய்விட்டது. "தண்ணி விடாய்க்குது, தண்ணி விடாய்க்குது" (தாகமாக இருக்குது) என்று சொல்லுவா. அவையள் குறிப்பில் "திரும்பத் திரும்ப ஒலி எழுப்புகிறார்" என்று எழுதியிருந்தவை. அதை வாசித்த அன்று நான் காருக்குள் இருந்து அழுதேன். பிறகு தண்ணீர், வலி, குளிர், கக்கூஸ், பசி எல்லாவற்றையும் இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினோம். பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்து "தண்ணி?" என்று கேட்கப் பழகினா. அம்மம்மா அந்தப் பிள்ளையின் கையை விடமாட்டா.

தமிழ்நாட்டில் இது பிரச்சினை இல்லைத்தானே?

கூடுதுறை | செவ்வாய், காலை 10.15

இருக்கிறது அக்கா. இங்கே பல இல்லங்களில் இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான் வேலை செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் தமிழ் தெரியாது. நம் ஊர் ஆட்களுக்கே நம் ஊரில் நீங்கள் சொல்வது நடக்கிறது. உங்கள் அட்டை யோசனையை எங்கள் இல்லத்தில் இன்றைக்கே சொல்கிறேன்.

பொன்னிநதி | செவ்வாய், இரவு 9.00

இழைக்குக் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்குக் கடைசிக் கட்டம். படுக்கைதான், பேச்சு இல்லை. ஊட்டினால் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொள்கிறார், சில சமயம் புரை ஏறுகிறது. மூக்கு வழியாக டியூப் போட்டால்தான் வைத்துக்கொள்வோம் என்று இல்லத்தில் சொல்கிறார்கள். போடலாமா?

குறிஞ்சிமேடு | புதன், காலை 7.00

முற்றிய மறதி நோயில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்பதுதான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடும். டியூப்பைப் பிடுங்குவார்கள், பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள், அசையாமல் கிடந்து புண் வரும். ஒன்றிலிருந்து ஒன்று தொடரும்.

நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த உணவாக, அரை ஸ்பூன், விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. தண்ணீருக்குப் புரை ஏறினால் கொஞ்சம் கெட்டியான கஞ்சியாகப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். டியூப் என்றால் ஐந்து நிமிடம். இல்லம் டியூப் கேட்பது அந்த நாற்பது நிமிடத்துக்காகவா, உங்கள் மாமியாருக்காகவா என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். ஒரு வேளை நீங்கள் வந்து ஊட்டுவதாகச் சொன்னால் இறங்கி வரக்கூடும். ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். திடீரென்று விழுங்க முடியாமல் போயிருந்தால் காரணம் வேறாக இருக்கலாம்.

இன்னொரு செய்தி, பொதுவாக எல்லோருக்கும். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகள் மறதி நோய்க்கென்றே சேவை நடத்துகின்றன. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர்ஸ் (மறதி நோயில் ஒரு வகை) சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. இல்லம் தேடுபவர்கள் முதலில் இவர்களிடம் பேசிப் பாருங்கள். விளம்பரத்தைப் பார்த்துப் போவதைவிட நல்லது.

வைகைக்கரை | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்பது இடம் பார்த்தேன். ராத்திரி முழித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எல்லா இடத்திலும் கேட்டேன். ஆறு இடத்தில் பதில் சுற்றி வளைத்து வந்தது. இரண்டு இடத்தில் உண்மையைச் சொன்னார்கள், ஆள் போதாது. ஒரு இடத்தில் டியூட்டி நோட்டையே எடுத்துக் காட்டினார்கள். 14 பேருக்கு இரண்டு பேர், அதோடு ஒரு சிஸ்டர். எங்களுக்குத் தெரிவிக்காமல் புது மாத்திரை கிடையாது, கட்டுவது கிடையாது, எந்த நேரமும் வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். போட்டார்கள்.

இரண்டு பக்கம் அப்பாவைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். எல்.சி. என்றால் என்ன என்பது உட்பட. முதல் வாரம் நானும் அம்மாவும் மாறி மாறி அங்கேயே இருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் பாத்ரூம் போகும்போது விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். ஆனால் இருபது நிமிடத்தில் எனக்குப் போன் வந்தது, ஆஸ்பத்திரிக்கு சிஸ்டரே கூட வந்திருந்தார், எப்படி விழுந்தார் என்று எழுதி வைத்திருந்தார்கள். மறுநாள் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி லைட் போட்டுவிட்டார்கள். டாக்டரின் மேற்பார்வையில் ஓலான்சபினை நிறுத்தியாகிவிட்டது.

பழைய இல்லத்தின் மேல் கொடுத்த புகாருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். படங்களோடு போகிறேன்.

இரண்டு மணிக்கு இன்னும் எழுந்துகொண்டுதான் இருக்கிறார். ராத்திரி ட்யூட்டியில் இருக்கும் தம்பி, அப்பா கையில் டார்ச் கொடுத்து வராந்தாவில் கூடவே ஒரு சுற்று நடக்கிறான். அப்பா ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டாக டார்ச் அடித்துப் பார்ப்பாராம். கடைசியில் தம்பி, "எல்.சி. ரிட்டர்ன் பண்ணியாச்சு சார், ஆள் எல்லாம் கீழ இறங்கிட்டாங்க" என்று சொல்ல வேண்டும். "எண்ணிப் பார்த்தியா?" என்று கேட்பாராம். "நாலு பேர் சார், நாலு பேரும் இறங்கியாச்சு" என்றால் வந்து படுத்துவிடுகிறார்.

நைட் டியூட்டி | திங்கள், அதிகாலை 3.10

அந்தத் தம்பிக்கு லீவு வரும் அன்று டியூட்டிக்கு வருகிறவருக்கும் அந்த நாலு பேர் கணக்கைச் சொல்லி வையுங்கள் அக்கா. நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

வைகைக்கரை | திங்கள், காலை 6.20

இன்றைக்கே சொல்கிறேன்.